பக்கக் கண்ணாடியில் நின்ற தீ

சைலன்சர் சூட்டில் வைக்கோல் பற்றிக்கொள்ள வாய்ப்பில்லை என்று நான் சொன்னது பொய். டிப்ளமா படித்துவிட்டுப் பதினெட்டு வருடமாக இயந்திரங்களுக்கு நடுவிலேயே இருக்கிறவன் நான். தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்ளக்கூட வழியில்லை. சொன்னது ஆடி மாதக் கடைசியில். இப்போது கார்த்திகை, வெளியே மழை பெய்துகொண்டிருக்கிறது. சமையலறையில் மனைவி பம்ப் ஸ்டவ்வுக்குக் காற்றடித்து, அது இரைந்துகொண்டு பற்றும் சத்தம் கேட்டால் இன்னமும் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.

நான் வேலை செய்யும் ஷெட் ஒரகடம் கூட்டு ரோட்டைத் தாண்டி இருக்கிறது. பிரஸ் மிஷினில் தகட்டை அழுத்தி லாரிக்கும் டிராக்டருக்கும் சின்னச் சின்னப் பாகங்கள் செய்கிறோம். இருபது பேர் வேலை செய்கிறார்கள், நான் சூப்பர்வைசர். சரக்கு ஏற்றிப்போக ஒரு வெள்ளை வேன் உண்டு. அன்றைக்கு டிரைவர், ஊரில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள் என்று லீவு எடுத்திருந்தான். என்னிடம் லைசென்ஸ் இருந்ததால், ஸ்ரீபெரும்புதூருக்குப் போகவேண்டிய சரக்கை என்னையே கொண்டுபோய் இறக்கச் சொன்னார் முதலாளி. வேனில் வெளியாள் யாரையும் ஏற்றக்கூடாது என்பதில் அவர் மிகவும் கண்டிப்பு.

அதே நாளில் ஸ்ரீபெரும்புதூரில் என் மகளுக்கு டைப்ரைட்டிங் பரீட்சை. இரண்டு மணி பேட்ச். பிப்ரவரியிலும் இதே பரீட்சைக்குப் போனாள். பஸ் வழியில் நின்றுபோய் இருபது நிமிடம் தாமதமாகிவிட்டது. மூடிய கதவுக்கு வெளியே நின்று, உள்ளே மிஷின்கள் ஒன்றாகத் தடதடப்பதைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு அவளைவிட நான்தான் அந்தப் பரீட்சையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். மகள் விஷயத்தில் எனக்கு எல்லாமே பயம். பஸ் வராவிட்டால் பயம், வந்தால் கூட்டமாக இருக்குமே என்று பயம். மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததிலிருந்து எங்கள் சாலைகளில் போலீஸ் ஜீப் நிற்காத நாளே இல்லை, அதைப் பார்த்தாலும் பயம். அதனால் முதலாளியிடம் சொல்லாமல், வீட்டு வாசலில் வேனை நிறுத்தி அவளை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டேன். ஷெட்டில் சரக்கு ஏற்றி முடிக்கவே ஒன்றேகால் ஆகியிருந்தது.

சொர்ணவாரிப் பட்டத்து நெல் அறுவடை நடந்துகொண்டிருந்த சமயம் அது. கதிரைக் கையால் அடித்த பிறகும் தாளில் கொஞ்சம் நெல் ஒட்டியிருக்கும். அதற்காகத் தாளைத் தார்ச்சாலையில் கனமாகப் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறிப்போக ஏறிப்போக நெல் உதிர்ந்துவிடும். இதில் யாரும் எழுதி வைக்காத ஒரு ஏற்பாடு உண்டு. வண்டிக்காரன் மெதுவாகப் போகவேண்டும். வைக்கோலைத் தாண்டியதும் நிறுத்தி, கீழே குனிந்து, அச்சிலும் சைலன்சரிலும் சுற்றிக்கொண்டிருப்பதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கிளம்பவேண்டும். பல நேரம் பரப்பியவர்களே அரிவாளோடு ஓடிவந்து அறுத்துக் கொடுப்பார்கள். லாரிக்காரர்கள் இந்த ஐந்து நிமிடத்தை முணுமுணுக்காமல் கொடுப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

பாதி வழியில் அந்த ஊர் வந்தது. சாலையில் ஒரு பர்லாங்குக்கு வைக்கோல். ஒரு பக்கம் புளியமரங்கள். இன்னொரு பக்கம் களம், அதில் வைக்கோல் போர், அதை ஒட்டி ஒற்றைக் கூரை வீடு. மேற்கிலிருந்து ஆடிக்காற்று வேனையே அசைத்துக்கொண்டிருந்தது.

"அப்பா, மணி ஒன்றரை" என்றாள் மகள்.

"தெரியும்மா. பேசாம வா."

இரண்டாவது கியரில் வைக்கோலுக்குள் போனேன். முடிவை நெருங்கும்போது வேன் இழுக்கத் திணறியது. அடியில் ஏதோ உரசுகிற சத்தம். பின்னாலிருந்து ஒரு பெண்ணின் குரல் காற்றோடு வந்தது.

"சார்! வண்டிய நிறுத்து சார்! அடியில சுத்திகினு கீது! எட்த்துட்டுப் போ சார்!"

"அப்பா, கருகற வாசனை வருதுப்பா. எறங்கிப் பாரேன்."

"எறங்கினா பத்து நிமிஷம் போயிடும். உதறிட்டாப் போதும்."

உதறுவது என்பது அவசரக்காரர்களின் வித்தை. வண்டியைச் சட்டென்று பின்னால் எடுத்து, சட்டென்று முன்னால் எடுத்தால், சுற்றியிருப்பது தளர்ந்து கீழே விழும். நான் வைக்கோலின் மேலேயே பின்னால் எடுத்தேன், முன்னால் எடுத்தேன். இரண்டாவது முறை அடியில் ஏதோ பொத்தென்று விழுந்தது எனக்குக் கேட்டது. வேன் லேசானது. என்ன விழுந்தது என்று எனக்குத் தெரியும். எந்த நிலையில் விழுந்தது என்பதும் மூக்குக்குத் தெரிந்துதான் இருந்தது. நான் ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன்.

கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். மகள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியிருந்தாள்.

"அப்பா, கண்ணாடியப் பாரு."

பக்கக் கண்ணாடியில் முதலில் புகை தெரிந்தது. சாலையின் குறுக்கே வெள்ளையாக, தரையோடு ஓடிய புகை. அதன் நடுவில் தீ நீளமாக, யாரோ பாயைச் சுருட்டுவதுபோலச் சாலையில் உருண்டு போனது. புளியமரங்கள் விட்டுப்போன ஒரு இடைவெளியில் காற்று மொத்தமாக உள்ளே புகுந்திருக்கவேண்டும். அந்த இடம் வந்ததும் தீ உருளுவதை நிறுத்தி எழுந்து நின்றது. அதற்கு வேறு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு பனை உயரத்துக்கு எழுந்து நின்று, தன்னைத்தானே சுற்றியது. அடியில் சிவப்பு, மேலே கறுப்பு. எரிகிற தாள்களைக் கத்தை கத்தையாக உள்ளே இழுத்து, உச்சியிலிருந்து எறிந்தது. ஒரு நிமிடம் அங்கேயே நின்று சுற்றிவிட்டு, சாலையைவிட்டு இறங்கிக் களத்துக்குள் நடந்தது.

படித்தவன் என்பதால் எனக்குக் காரணம் தெரியும். கொதிக்கிற தாரின் மேல் சூடான காற்று எழும்பும். அந்த இடத்தை நிரப்பச் சுற்றிலுமிருந்து காற்று ஓடிவரும். மேல்காற்று ஒரு பக்கம் மோதினால் அது முறுக்கிக்கொள்ளும். வெறும் மண்ணில் நடந்தால் அதுதான் குழந்தைகள் துப்பிவிட்டு ஓடுகிற பேய்க்காற்று. அதன் வயிற்றில் நெருப்பை வைத்தது நான். கண்ணாடியில் அது என் உள்ளங்கை அளவுதான் இருந்தது. அதன் இரைச்சல் மட்டும் எங்கள் ஷெட் பிரஸ்கள் எல்லாம் ஒன்றாக ஓடுவதுபோல வேனுக்குள் வந்தது.

"திரும்பிப் போலாம்பா."

"பரீட்சைக்கு நேரமாவுது."

ஸ்ரீபெரும்புதூர் வரை மகள் பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒன்று ஐம்பதுக்குப் பரீட்சை நடக்கும் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தினேன். அவள் ஹால் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு இறங்காமல் இருந்தாள். "போம்மா" என்றேன். போனாள்.

சரக்கை இறக்கிவிட்டு அதே வழியாகத்தான் திரும்பவேண்டும், வேறு சாலை கிடையாது. ஊருக்கு முன்னால் ஒரு வளைவில், மரத்தடியில் வேனை நிறுத்தினேன். கீழே படுத்துப் பார்த்தேன். சைலன்சரில் கரிந்த தாள் ஒரு கைப்பிடி இன்னும் ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டி எடுத்து வாய்க்காலில் போட்டு, காலால் மண்ணைத் தள்ளி மூடினேன். நான் செய்த எல்லாவற்றிலும் இதைத்தான் யாரிடமும் சொல்ல நா எழவில்லை. மற்றதற்காவது அவசரம் என்று ஒரு பெயர் உண்டு. இதை நிதானமாகச் செய்தேன்.

பிறகு நடந்து போனேன். போர் முழுவதும் எரிந்துகொண்டிருந்தது. வீட்டின் கூரை போய், மண்சுவர்கள் மட்டும் நின்றன. கிணற்றிலிருந்து குடங்கள் கைமாறி வந்துகொண்டிருந்தன. நானும் வரிசையில் நின்றேன். யார் என்று கேட்டவர்களிடம், ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் என்று சொன்னேன். அரைமணி நேரம் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன்.

"கம்பெனி சாருபா. சட்ட அழுக்காவறதக்கூடப் பாக்கல" என்று ஒருவர் சொன்னார். என் வெள்ளைச் சட்டையில் ஏற்கனவே வேனின் அடிப்பக்கத்து எண்ணெய் இருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

தீ அடங்கியதும் பேச்சு கிளம்பியது.

"பேய்க்காத்து சார். பன மரம் ஒசரம். நான் அருவாளத் தூக்கி வீசினேன், இரும்பப் பாத்தா ஓடிடும்னு. அத்தயும் சுத்திகினு போய்டிச்சி" என்றார் வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர்.

"உன் அருவாளுக்கு உன் பொண்டாட்டியே பயப்பட மாட்டா, பேய் பயப்படுமா?" என்றார் பக்கத்திலிருந்தவர். சிலர் சிரித்தார்கள்.

"பேயுமில்ல, பிசாசுமில்ல" என்று ஒரு குரல் அவர்களை அடக்கியது. அந்த வீட்டுக்காரி. அறுபது வயது இருக்கும். "இதோ உக்காந்துகினு கீறாளே, மகராசி, இவதான். கஞ்சி காச்சிட்டு அடுப்ப அணைக்கல. ஆடி மாசத்துல, ஆத்தா வர்ற வாசல்ல நெருப்பு வச்சிட்டா."

மருமகள் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது. என் மகளைவிட மூன்று நான்கு வயதுதான் அதிகம். போருக்குப் பக்கத்தில் கட்டியிருந்த கன்றுக்குட்டியின் கயிற்றை அறுக்கப் போனதில் வலது முன்கை வெந்திருந்தது. யாரோ பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் மைப்புட்டியை அதன்மேல் கவிழ்த்திருந்தார்கள். கை நீலமாக இருந்தது.

"அடுப்புல தண்ணி ஊத்திட்டுத்தான் ரோட்டுக்குப் போனேன் அத்தே" என்றாள். "வெள்ள வேனு. நிறுத்துன்னு கத்தினேன். பின்னால எட்த்தான், முன்னால எட்த்தான். அதுலர்ந்துதான் நெருப்பு விழுந்துச்சி."

எனக்குப் பின்னாலிருந்து கேட்ட குரல் அதுதான். அவள் பார்த்தது வேனின் முதுகை மட்டும். என் முகத்தை இப்போதுதான் முதல்முறை பார்க்கிறாள்.

"லாரில பத்தும், நாங்களே பாத்துக்கீறோம். வேன்ல எங்க பத்தும்?" என்றான் அவள் கணவன். அவன் குரலில் அவள் சொல்வது உண்மையாக இருக்கவேண்டுமே என்கிற ஆசையும் இருந்தது. அவன்தான் என் பக்கம் திரும்பினான். "சார், நீங்க மிஷின் வேல தெரிஞ்சவரு. நீங்க சொல்லுங்க சார். வேன்ல பத்திக்குமா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சாலையில் தூரத்தில் ஒரு ஜீப் வருகிற சத்தம் கேட்டது. முதலாளியின் முகமும், மகள் இப்போது டைப் அடித்துக்கொண்டிருப்பாள் என்பதும் ஒன்றாக மனதில் வந்தன.

"லாரின்னா ஆகலாம்" என்றேன். "வேனுக்கு சைலன்சர் மேல ஏறி இருக்கும். அவ்ளோ சூடும் ஆகாது. வாய்ப்பில்லைங்க."

"கேட்டுக்கோ" என்றாள் மாமியார். "படிச்சவரு சொல்றாரு."

அந்தப் பெண் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. இந்த ஆளுக்கு நம்மேல் என்ன பகை, எதற்காக இவர் இப்படிச் சொல்கிறார் என்று விளங்காதவளைப்போலப் பார்த்தாள். வந்த ஜீப் நிற்காமல் போய்விட்டது. அது போலீஸ் ஜீப்கூட இல்லை.

அன்று இரவு சாப்பிடும்போது மகள் கேட்டாள். "அவங்க வீடு?"

"கூரை போச்சு. ஆளுக்கு ஒன்னும் ஆகல."

"நீ சொன்னியா?"

"என்னத்தச் சொல்றது? கம்பெனி வண்டி. உன்ன ஏத்தினதும் வெளிய வரும். நீ ஒன்னும் பாக்கல, அவ்வளவுதான்."

"நான் பாத்தேன்பா" என்றாள். அதற்குமேல் சாப்பிடவில்லை.

மூன்று வாரம் கழித்து, எங்கள் ஷெட்டில் பிரஸ் ஓட்டும் ஒருவர் டீ குடிக்கும்போது சொன்னார். அவருக்கு அதே ஊர்.

"அந்தப் பொண்ண அம்மா வூட்டுக்கு அனுப்பிச்சிட்டாங்க சார். செம்பரம்பாக்கத்துப் பக்கம். இவ காலடி இனிமே இங்க படக்கூடாதுன்னு மாமியா ஒத்தக் கால்ல நிக்கிறா. அன்னிக்கு நீங்க தண்ணி எல்லாம் ஊத்தினீங்களாமே. வேன் இல்லன்னு நீங்கதான் கரெக்டா சொன்னீங்களாம்."

"ஆமாம்" என்றேன். டீ முழுவதையும் குடித்தேன்.

அடுத்த இரண்டு மாதம் என் மூளை நன்றாக வேலை செய்தது. மாமியாருக்கு அவளை முன்பே பிடிக்காமல் இருந்திருக்கலாம். நான் சொல்லாவிட்டாலும் வேறு காரணம் கண்டுபிடித்திருப்பாள். அடுப்பு உண்மையிலேயே அணையாமல் இருந்திருக்கலாம். அந்தக் காற்றில் ஒரு பீடி போதுமே. இப்படி ஒவ்வொன்றாக அடுக்கிவைப்பேன். பக்கத்து மிஷின் ஒன்று சூடாகிக் கருகல் வாசனை வந்தால் எல்லாம் சரிந்துவிடும். வேனை நான் மறுபடியும் ஓட்டவில்லை. கண்பார்வை சரியில்லை என்று முதலாளியிடம் சொன்னேன். அதுவும் பொய்.

ஐப்பசியில் பரீட்சை முடிவு வந்தது. மகள் முதல் வகுப்பில் தேறியிருந்தாள். அதை என்னிடம் சொல்லிவிட்டு, அதே மூச்சில், "அந்த அக்கா இன்னும் அவங்க அம்மா வீட்லதான் இருக்காங்க" என்றாள். சந்தைக்கு வருகிற பிரஸ் ஓட்டுகிறவரின் மனைவியிடம் வாரம் தவறாமல் விசாரித்திருக்கிறாள்.

"எந்த அக்கா?" என்று கேட்டாள் என் மனைவி.

மகள் என்னைப் பார்த்தாள். நான் சொல்வேனா என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு அவளே எல்லாவற்றையும் சொன்னாள். மனைவி கேட்டுக்கொண்டே அரிசியில் கல் பொறுக்கினாள். முடிந்ததும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"நம்ம பொண்ண நாளைக்கு ஒருத்தன் இப்படித் திருப்பி அனுப்பிச்சா, நீங்க எந்த வேன எட்த்துகினு போய் நியாயம் கேப்பீங்க?"

கார்த்திகை முதல் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் அந்த ஊருக்குப் போனேன். வீட்டுக்குப் புதுக்கூரை போட்டிருந்தார்கள். மாமியாரும் மகனும் இருந்தார்கள். வயல் சேற்றில் நாற்று நட்டுவிட்டு வந்த மகன் காலைக் கழுவிக்கொண்டிருந்தான். நான் நின்றபடியே சொன்னேன். வேன் எங்கள் கம்பெனியுடையது, ஓட்டியது நான், அவள் கத்தியது கேட்டது, தெரிந்தேதான் பொய் சொன்னேன். பயிற்சி செய்துகொண்டு போன மன்னிப்பு எதுவும் வாயில் வரவில்லை.

மாமியார் புதுக்கூரையை நிமிர்ந்து பார்த்தாள். "அன்னிக்கி தண்ணி ஊத்தினியே" என்றாள். அது கேள்வியா, ஏச்சா என்று எனக்குத் தெரியவில்லை.

மகன் சொம்பைக் கீழே வைத்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அவ சொன்னா சார். என் மூஞ்சிக்கு நேரா சொன்னா. நான் உன்னக் கேட்டேன்" என்றான். நஷ்டத்துக்கு என்னால் ஆனதைச் செய்கிறேன் என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினான். "அதெல்லாம் ஒன்னியும் வாணாம். எங்கூட வா. இப்ப சொன்னியே, இத்த அப்டியே அவங்க வூட்ல வந்து சொல்லு."

இரண்டு பஸ் மாறிப் போனோம். அவன் என் பக்கத்தில் உட்காரவில்லை. ஏரிக்கரைக்குக் கீழே அவளுடைய அம்மா வீடு. அவள் அப்பா, அண்ணன், பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் முன்னால் மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கதவு நிலையில் சாய்ந்து நின்று கேட்டாள். கையில் மை போய்விட்டது. தோல் சுருங்கி, முழங்கை வரை வேறு நிறமாக இருந்தது. அண்ணன் என் சட்டையைப் பிடித்தான். அவன் அப்பா விலக்கினார்.

அவள் ஒன்றுதான் கேட்டாள். "வண்டியில யாரு சார் இருந்தா, அவ்ளோ அவசரமா?"

"என் பொண்ணு. பரீட்சைக்குப் போனா."

"பாஸா?"

"பாஸ்."

தலையை ஆட்டினாள். பிறகு என்னை விட்டுவிட்டுக் கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "கிளம்பு, வூட்டுக்குப் போலாம்" என்று மெல்லச் சொன்னான்.

"அந்த சாரு பொய் சொன்னாரு. சரி. அவரு யாரோ" என்றாள். "நீ என்னக் கட்டிகினவன். நாலு வருசம் கூட இருந்த என்ன விட்டுட்டு, ரோட்ல போறவரக் கேட்டியே. உங்கம்மாவக் கூட்டிகினு வா. அவங்க வந்து கூப்டட்டும். அப்பறம் யோசிக்கறேன்." உள்ளே போய்விட்டாள்.

பஸ்ஸுக்காக ஏரிக்கரையில் இருவரும் நின்றோம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. பஸ் வந்ததும் அவன் முன்வழியாக ஏறினான். நான் பின்வழியாக ஏறினேன்.

அவள் திரும்பி வந்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. பிரஸ் ஓட்டுகிறவரிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அவருக்கும் இப்போது எல்லாம் தெரியும். என்னோடு சேர்ந்து டீ குடிப்பதை அவர் நிறுத்திவிட்டார். முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லை. திங்கட்கிழமை சொல்லவேண்டும் என்று மகள் சொல்லியிருக்கிறாள். இன்றைக்கு வெள்ளி.